மாறிப் பெயரில் எந்த எழுத்து செல்லும்?

ஜேசன் சாவிகளையோ எக்செல் தலைப்புகளையோ நிரல் வழியே மாறிப் பெயர்களாக (நிரலில் மதிப்புகளுக்கு வைக்கும் பெயர்களாக) மாற்றும் வேலை வந்தால், பெயர் செல்லுமா என்று சோதிக்கப் பலரும் முதலில் எழுதுவது ஒரு ரெகெக்ஸ்தான், அதாவது எழுத்துக் கோவைகளைப் பிடிக்கும் வடிவச் சூத்திரம். தமிழ்ப் பெயர் ஒன்று உள்ளே வந்ததும் அது கவிழ்ந்துவிடும். பைத்தான் ரெகெக்ஸில் பேக்ஸ்லாஷ்-டபிள்யூ (\w) என்ற குறி எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றையே பிடிக்கும். புள்ளியையும் கொம்பு, கால், விசிறிகளையும் யூனிகோட் எழுத்து வகையில் சேர்க்காமல் ஒட்டுக்குறி (எழுத்தோடு ஒட்டி வரும் குறி) வகையில் வைத்திருப்பதால், ‘தமிழ்’ என்பது ‘தம’, ‘ழ’ என்று உடைந்து வரும்.

அதே சொல்லை, பெயர் செல்லுமா என்று சொல்லும் பைத்தானின் இஸ்ஐடென்டிஃபையரிடம் (isidentifier) கொடுத்தால் ‘ட்ரூ’ என்கிறது. ஒட்டுக்குறியும் எண்ணும் முதலிடத்தில் வரக்கூடாது, பின்னால் வரலாம் என்பதே பைத்தான் 3 பின்பற்றும் யூனிகோட் விதி. ஆகவே விதியை நாமே எழுதாமல் மொழியிடமே கேட்பது நல்லது. ‘கிளாஸ்’ (class) போன்று மொழி தனக்கென ஒதுக்கிவைத்த சொற்களுக்கும் அது ட்ரூ சொல்லும் என்பதால், ஒதுக்கிய சொல்லா என்று பார்க்கும் இஸ்கீவேர்ட் (iskeyword) சோதனையையும் கூடவே வைக்க வேண்டும்.

பைத்தானில் செல்வது கோ மொழியில் செல்லாது. அங்கே எழுத்து, அடிக்கோடு, எண் மட்டுமே, ஒட்டுக்குறிக்கு இடமில்லை. ‘படம்’ என்று பெயர் வைத்தால் கடைசிப் புள்ளியிலேயே கம்பைலர் நின்றுவிடும். தமிழில் எழுத நினைப்பவர்களுக்கு இது உண்மையிலேயே பெரிய தடை.

செல்லும் பெயர் என்றாலும் சிக்கல் தீராது. ‘கொ’வின் உயிர்க்குறியை ஒரே குறியெண்ணாகவும் (யூனிகோட் ஒவ்வொரு குறிக்கும் தரும் எண்) சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடே தெரியாது. ஜாவாஸ்கிரிப்டுக்கும் ஜாவாவுக்கும் அவை இரு வேறு பெயர்கள். பைத்தான் மூலநிரலைப் படிக்கும்போது, மாற்று வடிவங்களை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் யூனிகோட்டின் என்எஃப்கேசி (NFKC) முறையில் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். ஆனால் பொருளொன்றில் பண்பை வைக்கும் செட்ஆட்டர் (setattr) அப்படிச் செய்யாது. பிரிந்த வடிவில் வந்த ஜேசன் சாவியை அதன் வழியே பண்பாக வைத்துவிட்டு, புள்ளி வைத்து அழைத்தால் ‘அப்படி ஒரு பண்பே இல்லை’ என்ற பிழைதான் வரும். பெயரை உள்ளே எடுக்கும் இடத்திலேயே என்எஃப்கேசிக்கு மாற்றி, பிறகு சோதியுங்கள்.

‘கௌ’வுக்குப் பதில் கொம்பும் ளகரமும் சேர்த்து ‘கெள’ என்று தட்டியிருந்தால் இந்த மாற்றமும் உதவாது. ‘அ’வுக்கும் எட்டைக் குறிக்கும் ‘௮’வுக்கும் இதே கதைதான். நகலெடுத்து ஒட்டும்போது கண்ணுக்குத் தெரியாத இணைப்புத்தடைக் குறியும் (ZWNJ) ஒட்டிக்கொண்டு வரலாம். ஜாவாஸ்கிரிப்ட் அதை ஏற்கும், பைத்தான் மறுக்கும். இப்படிப்பட்ட பிழைகளில் பெயரை வெறித்துப் பார்த்துப் பயனில்லை. ஒவ்வொரு குறியெண்ணையும் அதன் யூனிகோட் பெயரோடு வரிக்கு ஒன்றாக அச்சிட்டுப் பாருங்கள்.