பழைய பிக்கப்பின் சென்ட்ரல் லாக்: மோட்டார் வாங்கும் முன் வயரைப் பாருங்கள்

செங்கல்பட்டுப் பக்கம் சின்னதாக ஒரு நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறோம். செடியும் உரமும் ஏற்ற 2006 மாடல் டபுள் கேபின் பிக்கப் ஒன்று. அதில் இருக்கும், எல்லாக் கதவையும் ஒரே நேரத்தில் பூட்டும் சென்ட்ரல் லாக், கம்பெனியில் வந்ததல்ல, முன்பு வண்டியை வைத்திருந்தவர் வெளியே மாட்டியது. டிரைவர் கதவில் ஐந்து வயர் மோட்டார், மற்ற மூன்று கதவுகளில் இரண்டு வயர் மோட்டார், டாஷ்போர்டுக்கு அடியில் ரிலே (கரண்டால் இயங்கும் சுவிட்ச்) உள்ள கன்ட்ரோல் பெட்டி. பழைய வண்டிகளில் பரவலாக இருக்கும் செட்டுதான்.

கோளாறு கதவுக்கு ஒரு விதம். கிளீனர் பக்க முன் கதவு சில நேரம் பூட்டும், சில நேரம் பூட்டாது. அதற்குப் பின்னால் உள்ள கதவு அடியோடு அசையாது. டிரைவர் கதவு பூட்டும், அடுத்த நொடியே எல்லாக் கதவுகளையும் திறந்தும் விடும். வலப்பக்கப் பின் கதவு மட்டும் ஒழுங்காக இருந்தது. யாரைக் கேட்டாலும் "நாலு மோட்டாரையும் மாத்திடுங்கண்ணே" என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒவ்வொரு கதவும் ஒவ்வொரு மாதிரி அடம்பிடிக்கும்போது காரணமும் வேறு வேறாகத்தானே இருக்கும்?

இதன் வேலை புரிந்துவிட்டால் பாதிக் கோளாறை உட்கார்ந்த இடத்திலேயே பிரித்துவிடலாம். சும்மா இருக்கும்போது மோட்டாரின் இரண்டு வயரும் ரிலே வழியாக எர்த்தில்தான் (பேட்டரியின் நெகட்டிவோடு சேர்ந்த பக்கம்) இருக்கும். பூட்டச் சொன்னால் ஒரு வயருக்கு மட்டும் கண நேரம் 12 வோல்ட் வரும், மற்றது எர்த்திலேயே நிற்கும். திறக்கச் சொன்னால் அப்படியே மாறும். ஆகவே இரண்டில் எது அறுந்தாலும் அந்தக் கதவு பூட்டவும் பூட்டாது, திறக்கவும் திறக்காது. எல்லாக் கதவும் பூட்டுகிறது, எதுவும் திறக்கவில்லை என்றால் பெட்டியையோ டிரைவர் பக்க சுவிட்சையோ பார்க்கணும். ஒரு கதவு மட்டும் அப்படிச் செய்தால் லாக்கோ, மோட்டாரை லாக்கோடு சேர்க்கும் ராடோ எங்கோ இறுகியிருக்கிறது.

கிளீனர் பக்கக் கதவில் ஆரம்பித்தேன். கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு கதவின் உள்பக்க அட்டையான டோர் பேடைக் கழற்றணும். கண்ணாடி சுற்றும் கைப்பிடிக்குப் பின்னால் ஒரு கம்பி கிளிப் இருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் பேட் கிழியும். கைப்பிடிக்கும் பேடுக்கும் நடுவே ஒரு பழைய பருத்தித் துணியை விட்டு, இரு முனையையும் பிடித்து இப்படியும் அப்படியும் இழுத்தால் துணி கிளிப்பைக் கவ்வி வெளியே தள்ளிவிடும். தெறித்து ஓடாமல் இன்னொரு கையை வைத்துக்கொள்ளுங்கள். பேடுக்கு உள்ளே பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருக்கும். அதைக் கிழித்து எறிகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கும். கதவுக்குள் இறங்கும் மழைத் தண்ணீர் கேபினுக்குள் வராமல் தடுப்பது அந்த ஷீட்தான். ஓரத்துக் கருப்புப் பசையை பிளேடால் மெதுவாக விடுவித்தால் முழுசாக வந்துவிடும்.

அடுத்து மோட்டாரின் கப்ளரை (வயர் செருகும் இணைப்பு) கழற்றிச் சோதிக்கணும். இங்கே மல்டிமீட்டரை மட்டும் நம்பக்கூடாது. மீட்டர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லை. வயருக்குள் ஒரே ஒரு செம்பு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது 12 வோல்ட் காட்டும். போதாததற்கு இங்கே சப்ளை வருவதே கண நேரம், டிஜிட்டல் மீட்டர் எண்ணைக் காட்டுவதற்குள் போய்விடும். நான் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு வயரைப் பற்றவைத்து, அதை மோட்டாரின் இடத்தில் மாட்டினேன். அது சுமார் 1.75 ஆம்பியர் இழுக்கும். கதவு முழுக்கத் திறந்திருக்கும்போது ரிமோட்டை அழுத்தினால் பளிச்சென்று ஒரு வெளிச்சம். கதவைப் பாதி சாத்தி அழுத்தினால் பல்பின் கம்பி மட்டும் செங்கல் நிறத்தில் லேசாகச் சிவந்து அணைந்தது. இன்னும் கொஞ்சம் சாத்தினால் அதுவும் இல்லை. மோட்டார் நல்ல மோட்டார், கதவு மடங்கும் இடத்தில்தான் வயர் போயிருக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

கதவுக்கும், அது மாட்டியிருக்கும் பில்லருக்கும் (தூண்) நடுவே வயர்களை மூடியிருக்கும் ரப்பர் உறையை இரு பக்கமும் பிடுங்கிப் பின்னால் தள்ளினேன். வெளியே பார்த்தால் வயர்களில் ஒரு குறையும் தெரியாது. ஒவ்வொன்றாக இரு விரலால் பிடித்து லேசாக இழுத்துப் பார்த்தபோது, பச்சை வயர் ஓரிடத்தில் மட்டும் மெலிந்து ரப்பர் மாதிரி நீண்டது. அங்கே தோலைச் சீவினால் உள்ளே இழைகள் எல்லாம் அறுந்து, பச்சைக் களிம்பு ஏறிக் கிடக்கிறது. நீல வயரில் இன்னும் சில இழைகள் மிச்சம் இருந்தன.

சரி, அதே இடத்தில் முறுக்கி டேப் சுற்றலாமா? கூடாது. மடங்கும் இடத்தில் சால்டரும் வேண்டாம். ஈயம் இழைகளுக்குள் ஊறி அந்தப் பகுதியை விறைப்பாக்கிவிடும், விறைப்பு முடிகிற இடத்தில் வயர் மறுபடி அறும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, இரண்டு வயரையும் கதவுக்குள் ஒரு சாண், பில்லருக்குள் ஒரு சாண் தள்ளி வெட்டினேன். நடுவே நைசான இழைகள் கொண்ட 1 சதுர மில்லிமீட்டர் ஆட்டோ வயரைப் புதிதாகக் கோத்தேன். இரு பக்க இணைப்புகளும் அசையாத இடத்தில் இருக்கின்றன, மேலே சூடு காட்டினால் சுருங்கிக் கவ்வும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். வீட்டு வயரிங்குக்குச் சுற்றும் டேப் நம்ம ஊர் வெயிலில் பசை உருகி அவிழ்ந்துவிடும். கதவு முழுக்கத் திறந்தாலும் வயர் விறைக்காதபடி கொஞ்சம் தளர்வும் விட்டிருக்கிறேன்.

அதற்குப் பின்னால் உள்ள, அசையாத கதவில் பல்பு நன்றாக எரிந்தது. அப்படியென்றால் இங்கே மோட்டாரேதான் போயிருக்கிறது. கழற்றும்போது அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. கதவின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டைகளை எருவும் மண்ணும் சேர்ந்து அடைத்துவிட்டன. கம்பியால் குத்தியதும் கறுப்பாகக் கொட்டியது. இதைச் சரிசெய்யாமல் புது மோட்டார் போட்டிருந்தால் அதுவும் அடுத்த மழையில் ஊறியிருக்கும். சென்னை புதுப்பேட்டையில் பழையது தேடலாம் என்றுதான் போனேன். கடைக்காரரே, "இதுக்கெல்லாம் செகண்ட்ஸ் வேணாம் சார், ஜி.பி. ரோட்டுல புதுசே கிடைக்கும்" என்று அனுப்பிவைத்தார். இரண்டு வயர் மோட்டார் தனியாகக் கிடைக்கிறது, முழு செட் வாங்கத் தேவையில்லை.

டிரைவர் கதவில் வேலை கொஞ்சம்தான். ஐந்து வயரில் மூன்று, மோட்டாருக்குள் இருக்கும் சுவிட்சுக்கு உரியவை. ராடைப் பிடிக்கும் ஸ்க்ரூ தளர்ந்து ராட் நழுவியிருந்ததால் மோட்டாரின் தண்டு முழுத் தூரம் போகவில்லை. பாதியில் நின்று திரும்பியதைத் திறக்கச் சொன்னதாகப் பெட்டி எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் திறந்துவிட்டது. பூட்டிய நிலையிலும் திறந்த நிலையிலும் தண்டு முழுசாகப் போகிற மாதிரி ராடை வைத்து ஸ்க்ரூவை இறுக்கினேன். கூடவே பிரித்த மூன்று கதவுகளின் லாக்கிலும் காய்ந்து பிசினாகிக் கிடந்த கிரீஸைக் கழுவிப் புது வெள்ளை கிரீஸ் வைத்தேன். லாக் இறுகியிருந்தால் அந்தச் சின்ன மோட்டார் எவ்வளவுதான் தள்ளும்?

இப்போது நான்கு கதவும் ஒரே சத்தத்தில் பூட்டுகின்றன. வலப்பக்கப் பின் கதவை இன்னும் பிரிக்கவில்லை. அதன் அடி ஓட்டைகளையும் ரப்பர் உறையையும் ஐப்பசி மழைக்கு முன்னால் பார்த்துவிட வேண்டும்.