கதிர்காமக் காட்டுவழி

ஜூன் 26, மாமாங்கம்

தீர்த்தக் குளத்தில் முழுகிவிட்டு, கதிர்காமத்துக்குப் பாத யாத்திரையாக வேல் எடுத்தோம். ஏழு பேர். இன்றிலிருந்து யாருக்கும் பெயர் கிடையாது, எல்லாரும் சாமி. மச்சாளைச் சாமி என்று கூப்பிட எனக்கு மட்டும் வாய் வரவில்லை. வாசலில் தேங்காய் உடைத்த கையோடு, மஞ்சள் துணியில் முடிந்த நேர்த்திக் காசை என்னிடம் நீட்டினாள். "நீயே வைத்திரு." ஏன் என்று கேட்டேன். அதற்குள் அரோகரா எழுந்துவிட்டது.

ஜூன் 27, களுவாஞ்சிகுடி

பத்து மணிக்கு மேல் தார் ரோட்டில் வெறுங்கால் வைக்க முடியவில்லை. ஓரத்து வெள்ளைக் கோட்டின் மேல் வரிசையாக நடந்தோம். அங்கே சூடு கொஞ்சம் குறைவு.

ஜூன் 28, காரைதீவு

கால் கழுவும்போது பார்த்தேன். மச்சாளின் இடது பெருவிரலுக்குக் கீழே பெரிய கொப்புளம். உள்ளே நீர் அசைவது தெரிகிறது. என் குதிகாலில் இருப்பது அதில் பாதிதான், தரையில் வைத்தால் உயிர் போகிறது. அவளுக்கு வலிக்கவே இல்லையாம். "முருகன் பார்த்துக்கொள்கிறான்" என்று சிரிக்கிறாள்.

பதினான்கு வருடச் சீனி வருத்தம், நீரிழிவு. நரம்பு மரத்துப்போனால் முள் ஏறினாலும் தெரியாது, நெருப்பு சுட்டாலும் தெரியாது. என் அம்மாவுக்குச் செருப்புக்குள் கிடந்த கடுகளவு கல். அதில் தொடங்கியது முழங்கால் வரை போனது. ஆஸ்பத்திரி வாங்கில் அன்றைக்கு என்னோடு இருந்தவள் இவள்தான். எல்லாம் தெரிந்தவள் எப்படிச் சிரிக்கிறாள்?

தூக்கம் வரவில்லை. பக்கத்தில்தான் படுத்திருக்கிறாள். கைப்பேசி வெளிச்சத்தில் இரண்டு தரம் அந்தக் காலைப் பார்த்துவிட்டேன்.

ஜூன் 29, திருக்கோவில்

கடற்காற்று. கொப்புளம் உடையவில்லை.

ஜூன் 30, கோமாரி

உடைந்துவிட்டது.

ஜூலை 1, பொத்துவில்

சண்டை. கடைக்குப் போய்ச் செருப்பு வாங்கி வந்தேன். தொடவே இல்லை. "நேர்த்தி வெறுங்காலுக்கு. அவனுக்காக நடக்கிறேன், உனக்காகவா நடக்கிறேன்?" அவன் பெயரை எடுத்தால் நான் வாய் திறக்க மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். செருப்பு என் பையில், முடிச்சு என் மடியில். பின்னேரம் முழுக்க அவள் ஒரு மூலை, நான் ஒரு மூலை.

ஜூலை 2, பாணமை

அறுகம்குடாப் பாலத்தில் அவளாகவே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பாணமையில் ஒரு சிங்களக் குடும்பம் முற்றத்தில் பாய் விரித்துக் கொத்தமல்லித் தண்ணீர் கொடுத்தது. வீட்டுக் கிழவி மச்சாளின் காலைக் கண்டதும் உட்கார்ந்து, அதைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரில் கழுவினாள். பழைய வெள்ளைத் துணியைக் கிழித்துக் கட்டினாள். நான் இத்தனை நாள் கெஞ்சியும் தராத காலை அவளிடம் பேசாமல் கொடுத்துவிட்டாளே! வெளியே போய் நின்று அழுதேன்.

ஜூலை 3, உகந்தை

கடலும் காடும் பாறையும் ஒன்றாய்க் கிடக்கின்றன. மலை மேல் வள்ளியம்மன், கீழே முருகன். அவன் வந்திறங்கிய கல்லோடம் என்று ஒரு பாறையைக் காட்டினார்கள். சுனைத் தண்ணீரைத் தலையில் தெளிக்கும்போது மச்சாளின் நெற்றி சுட்டது. காய்ச்சல். எப்போதிருந்து என்று சொல்ல மறுக்கிறாள்.

ஜூலை 4, உகந்தை

வைத்திய முகாமில் டாக்டர் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பேனா முனையால் பாதத்தில் ஒவ்வோர் இடமாகத் தொட்டார். தொடும்போது சொல்ல வேண்டும். மச்சாள் கவனமாகக் காத்திருந்தாள், பரீட்சை எழுதும் பிள்ளை போல. ஒருமுறைகூடச் சொல்லவில்லை. கண்ணைத் திறந்து, "இன்னும் தொடவில்லையா?" என்றாள்.

காட்டுக்குள் விட முடியாது, இன்றே ஆஸ்பத்திரி என்று எழுதிவிட்டார்.

தங்கை மகள் வான் வண்டியோடு வந்தாள். நானும் ஏறி உட்கார்ந்தேன். மச்சாள் என் பையைத் தூக்கி வெளியே வைத்தாள். "முடிச்சு உன்னிடம்தானே இருக்கிறது. இறங்கு." மாமாங்கத்திலேயே தெரிந்துதான் தந்திருக்கிறாள்.

இறங்கியது சரியா? இரவு முழுக்க இதே கேள்வி.

ஜூலை 5

பெயர் பதிந்தார்கள். பொலித்தீன் பைகளை வாங்கிக்கொண்டு காட்டுக்குள் விட்டார்கள். ஆறு பேர். கொஞ்ச தூரத்திலேயே கைப்பேசியில் கோடு போய்விட்டது.

ஜூலை 6, கும்புக்கன் ஆறு

கரை நெடுக மருத மரங்கள். சிங்களத்தில் கும்புக் என்றால் மருது, ஆற்றுக்கும் அந்தப் பெயர்தான். மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்தோம். கட்டை எரித்துச் சுற்றிவரப் படுத்திருக்கிறோம். யானை கிளை முறிக்கிற சத்தம் கேட்கிறது. அம்பாறைக்குக் கொண்டுபோயிருப்பார்களா, மட்டக்களப்புக்கா? விரலோடு நின்றிருக்குமா?

ஜூலை 7, நாவலடி

தண்ணீர் பவுசர் வண்டிக்காக நின்றதிலேயே பாதிப் பகல் போனது.

ஜூலை 8, வியாழை

பாலைப்பழம் உதிர்கிற காலம். பால் உதட்டில் பிசினாக ஒட்டுகிறது. கரடிக்கும் இதுதான் உயிர் என்று வேல்சாமி மரத்தடியில் நிற்க விடவில்லை. மச்சாளுக்கென்று நாலு பழம் பொறுக்கினேன். சீனி என்று பிறகுதான் நினைவு வந்தது. இலை மேல் வைத்துவிட்டு வந்தேன்.

பின்னேரம் என் காலில் முள் ஏறியது. நன்றாக வலித்தது. முருகா, வலிக்கிறதே என்று கும்பிட்டேன்.

ஜூலை 9, வள்ளியம்மன் ஆறு

குளிக்கும்போது முடிச்சும் மடியோடு நனைந்துவிட்டது. ஈரத்துணி ஒட்டியதில் உள்ளே இருப்பது தெரிந்தது. நேர்த்தி ஒன்று என்றுதான் சொன்னாள். இரண்டு காசு இருக்கிறது. அவிழ்க்கக் கூடாது. கிளையில் உலரப் போட்டுவிட்டுக் காவலுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன். நாளை கட்டகாமம்.