முன்பே சொல்லியிருக்கலாமா?

"கோச், உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று எங்கள் முதல் கீப்பர் கேட்டார். "தெரியும்" என்றேன். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. தேசியக் கால்பந்து அணியின் கோல்கீப்பர் பயிற்சியாளராக எத்தனையோ பேச்சுகளைக் கேட்டாயிற்று. இது மட்டும் இன்னும் என்னை விடவில்லை.

ஆட்டம் சமனில் முடிந்து பெனால்டிக்குப் போனால் இரண்டாவது கீப்பரை இறக்குவது என்று முந்தின இரவே முடிவாகிவிட்டது. அவருக்குக் கை நீளம். அடிப்பவர் ஓடிவரும்போதே ஊன்றும் காலைப் பார்த்துத் திசையைப் பிடித்துவிடுவார். யார் எந்தப் பக்கம் அடிப்பார் என்ற குறிப்புகளை அவரிடம் மட்டும் கொடுத்தேன். "முதல் கீப்பர்கிட்டயும் சொல்லிடலாமா?" என்று தலைமைப் பயிற்சியாளர் கேட்டார். "வேண்டாம் சார், தெரிஞ்சா ஆட்டம் முழுக்க அதுவே மண்டையில ஓடும்" என்றேன்.

காரணமில்லாமல் சொல்லவில்லை. 2014 உலகக் கோப்பைக் காலிறுதியில் நெதர்லாந்துப் பயிற்சியாளர் லூயி வான் ஹால் செய்ததும் இதுதான். கூடுதல் நேரத்தின் கடைசியில் முதல் கீப்பர் சில்லெசனை எடுத்துவிட்டு மாற்றுக் கீப்பர் டிம் க்ருலை இறக்கினார். க்ருலுக்கு முன்பே தெரியும், சில்லெசனுக்குத் தெரியாது. க்ருல் ஐந்து அடிகளுக்கும் சரியான பக்கம் பாய்ந்தார், இரண்டைத் தடுத்தார். எதிரணி கோஸ்டாரிகா வெளியேறியது. 2022-இல் ஆஸ்திரேலியப் பயிற்சியாளர் கிரகாம் அர்னால்டும் பெருவுக்கு எதிராக, கேப்டனும் கீப்பருமான மாட் ரயனையே எடுத்துவிட்டு மாற்றுக் கீப்பர் ரெட்மெயினை இறக்கி உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்.

ஆனால் நெதர்லாந்தின் அடுத்த ஆட்டத்தைப் பலரும் பேசுவதில்லை. அரையிறுதியில் அனுமதிக்கப்பட்ட மூன்று ஆள் மாற்றுகளும் தீர்ந்துபோய், பெனால்டிக்கு சில்லெசனே நிற்க வேண்டியதாயிற்று. அர்ஜென்டினா 4-2 என்று வென்றது. 'பெனால்டிக்கு நீ போதாது' என்று நாலு நாள் முன்புதான் உலகமே பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அந்த மனநிலையோடு ஒருவர் கோல் கம்பத்துக்கு நடுவில் நிற்பதை நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

எங்கள் ஆட்டத்தில் நாலாவது நடுவர் பலகையைத் தூக்கினார். சிவப்பில் 1, வெளியேற வேண்டிய முதல் கீப்பரின் எண். அவர் பலகையைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார், மறுபடி பலகையைப் பார்த்தார். கிளவுஸின் பட்டையைப் பிரித்து, திரும்ப ஒட்டிக்கொண்டே நடந்து வந்தார். உள்ளே வருகிற இரண்டாவது கீப்பரைக் கட்டிப்பிடித்து ஏதோ சொன்னார். நாங்கள் வென்றோம்.

வென்றதால் முடிவு சரி என்று ஆகிவிடுமா? தோற்றிருந்தால் தலைமைப் பயிற்சியாளரின் வேலையே போயிருக்கும், அதுவும் உண்மை. கிளப் என்றால் அடுத்த நாளே பயிற்சியில் பார்ப்போம், நாலு நாள் முறைத்துக்கொண்டு இருந்துவிட்டு அப்புறம் பேசிவிடுவோம். தேசிய அணியில் முகாம் முடிந்தால் ஆளுக்கொரு விமானம். அடுத்து எல்லோரும் கூட மாதங்கள் ஆகும். அதற்குள் காயம் ஆறியிருக்கலாம், உள்ளேயே இறுகியும் போயிருக்கலாம். அவரிடம் போனில் பேசினேன், "பரவாயில்ல கோச்" என்றார். அதை நம்புவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார் என்று சில நாள் தோன்றும். சொல்லியிருந்தால் கூடுதல் நேரத்தில் காலால் தடுத்தாரே, அந்தப் பந்து உள்ளே போயிருக்கும் என்று வேறு சில நாள் தோன்றும்.

இப்போது அணிக்குப் புதுத் தலைமைப் பயிற்சியாளர். முதல் கீப்பர் மட்டும் அன்று வெளியே வந்த அதே ஆள்தான். பெனால்டி திட்டம் பற்றிப் பேச்சு வந்தபோது புதியவரும் அதே கேள்வியைக் கேட்டார். "சொல்ல வேண்டாம்" என்றுதான் இந்த முறையும் சொன்னேன்.