மாவும் காணியும்

நம் கணக்குச் சேர் தமது 95ஆவது வயதில் காலமானார் என்று தை மாதத்தில் தொலைபேசிச் செய்தி வந்த இரவு, நான் 1963ஆம் ஆண்டின் எட்டாம் வகுப்பு வாங்கில் மறுபடியும் ஏறி நின்றேன்.

பாடத்திட்டத்தில் இல்லாத கீழ்வாயிலக்கத்தை, அதாவது பழந்தமிழ்ப் பின்னக் கணக்கை, வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடத்தில் அவர் நம் தலையில் ஏற்றிய விதத்தை இம்மலரைப் படிக்கும் அவருடைய பழைய மாணவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அன்று அவர், "மாகாணி எண்டால் என்ன?" என்று கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்தி, "வட மாகாணம், சேர்" என்றேன். வகுப்பு சிரித்து ஓய்ந்த பின், "பூமிசாத்திரம் திங்கட்கிழமை. நீர் இப்ப வாங்கில ஏறும். விடையை நீராகவே கண்டுபிடிச்சு வந்து சொல்லும்" என்றார். நான் கண்டுபிடிக்கவில்லை, 'மாகாணம்' என்ற பட்டம் மட்டும் ஒட்டிக்கொண்டது. உங்களில் சிலர் இன்றும் அப்படித்தான் அழைக்கிறீர்கள்.

1970 கார்த்திகையில் லண்டனுக்கு வந்து, படிப்புச் செலவுக்காக மாலைகளில் ஒரு கடையின் காசுப் பெட்டியருகே நின்றேன். பவுணுக்கு 20 ஷில்லிங், ஷில்லிங்குக்கு 12 பென்ஸ் என்ற கணக்கு, ரூபாய் சதத்தில் வளர்ந்த எனக்குப் பைத்தியக்காரத்தனமாகவே பட்டது. ஒருநாள் ஒரு மூதாட்டி ஒரு ஷில்லிங்கையும், பன்னிரண்டு பக்கங்கொண்ட மூன்று பென்ஸ் நாணயத்தையும் என் முன் வைத்தார். ஷில்லிங் பவுணில் இருபதில் ஒன்று, அதாவது ஒரு மா. மூன்று பென்ஸ் எண்பதில் ஒன்று, அதாவது ஒரு காணி. இரண்டுங் கூடினால் 15 பென்ஸ், 240இல் சரியாகப் பதினாறில் ஒன்று. மாவும் காணியும் சேர்ந்ததே மாகாணி! பெயரே கூட்டற்கணக்காக இருந்திருக்கிறது. அரை, கால், அரைக்கால் என்று பாதிபாதியாக இறங்கும் வரிசையும், மா, அரைமா, காணி, அரைக்காணி, முந்திரி என்று இருபதில் ஒன்றிலிருந்து 320இல் ஒன்றுவரை இறங்கும் வரிசையும் அந்த ஒரு சொல்லில் சந்திக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில் முந்திரியோடும் நில்லாமல், அதையே ஒன்றாகக் கொண்டு அதன் கீழும் பின்னம் வகுத்து நிலத்தை அளந்திருக்கிறார்கள் என்பதையும், கீழ்முந்திரி 1,02,400இல் ஒரு பங்கு என்பதையும் பின்னரே படித்தறிந்தேன். சேர் அதையும் சொல்லித்தான் இருப்பார். நான் வாங்கின் மேல் நின்று வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

அன்றிரவே ஏரோகிராம் ஒன்றில், "மதிப்பிற்குரிய சேர், மாகாணிக்கு விடை" என்று தொடங்கினேன். 1971 பெப்ரவரி 15ஆம் திகதி பவுண் நூறு பென்ஸாக மாறியது. ஷில்லிங் போயிற்று, பரீட்சைகள் வந்தன, கடிதம் முதல் வரியோடு நின்றது. 38 ஆண்டுகள் கணக்காளனாக இருந்து ஊரார் கணக்கையெல்லாம் முடித்துக் கொடுத்தேன். 1995இல் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமமே இடம்பெயர்ந்தபோது, சேர் எங்கே தங்கியிருக்கிறார் என்று இரண்டு பேரிடம் விசாரித்ததோடு சரி.

2003இல் அவரைப் பார்க்கப் போனேன். என் பெயர் அவருக்கு நினைவில்லை. சாய்மனைக் கதிரையிலிருந்து நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "மாகாணமோ?" என்றார். "ஓம், சேர்" என்றேன். விடை நாக்கு நுனியில் இருந்தது. வெளியே வாகனச் சாரதி ஹோர்ன் அடித்தார்; கொண்டுபோன சொக்லேட் பெட்டியைச் சேரின் மடியில் வைத்துவிட்டு எழுந்தேன்.