ஜெர்மனியில் டொரன்ட் கடிதம் வந்தால்: கையெழுத்து வேறு, பணம் வேறு

ஊரில் டொரன்ட்டில் படம் இறக்கிப் பழகிய பிள்ளைகள் ஜெர்மனிக்குப் படிக்க வந்த பிறகும் அதையே செய்கிறார்கள். சில வாரம், சில மாதம் கழித்து ஒரு வக்கீல் அலுவலகத்திலிருந்து தடித்த கடிதம் வருகிறது. இதன் பெயர் ஆப்மானுங். வழக்குப் போடும் முன் அனுப்பும் எச்சரிக்கை. மோசடி என்று நினைத்துக் குப்பையில் போடுபவர்களும் உண்டு, பயந்துபோய் அன்றைக்கே கையெழுத்துப் போட்டு முழுப் பணத்தையும் அனுப்பிவிடுபவர்களும் உண்டு. இரண்டுமே தப்பு. கடிதத்துக்குள் இருப்பவை இரண்டு தனித்தனிக் கோரிக்கைகள்: இனிமேல் செய்ய மாட்டேன் என்ற உறுதிமொழி ஒன்று, பணம் இன்னொன்று. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டாலே பாதிப் பயம் போய்விடும்.

உங்கள் பெயர் எப்படிக் கிடைத்தது? டொரன்ட்டில் ஒரு படத்தை இறக்கும்போதே அதன் துண்டுகளை உங்கள் கணினி மற்றவர்களுக்கு அனுப்பிக்கொண்டும் இருக்கிறது. படத்தின் பதிப்புரிமை உரிமையாளர் அமர்த்திய கண்காணிப்பு நிறுவனம் அதே கோப்பைப் பகிரும் கூட்டத்தில் சேர்ந்து உங்கள் இணைப்பின் ஐபி எண், தேதி, நொடி வரைக்குமான நேரம், கோப்பை அடையாளம் காட்டும் ஹாஷ் எண் எல்லாவற்றையும் பதிவு செய்துகொள்ளும். பிறகு பதிப்புரிமைச் சட்டத்தின் 101-வது பிரிவின்படி நீதிமன்ற அனுமதி வாங்கி, அந்த எண் யார் இணைப்புக்குரியது என்று இணைய நிறுவனத்திடம் கேட்பார்கள். ஆகவே கடிதம் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் வரும், இறக்கியவர் யாராக இருந்தாலும். பாப்கார்ன் டைம் மாதிரியான செயலிகளில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். திரையில் சும்மா படம் ஓடுவதுபோலத் தெரியும், அடியில் வேலை செய்வது டொரன்ட்தான்.

கடிதம் வந்ததும் முதலில் மென்பொருளை நிறுத்திக் கோப்பை நீக்குங்கள். உறுதிமொழி கொடுத்த பிறகும் அதே கோப்பு பகிரப்பட்டுக்கொண்டிருந்தால் ஒப்பந்த அபராதம் தனியாக வந்து விழும். அடுத்தது, கடிதத்தில் உள்ள கெடு. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம். அதை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். வக்கீல் அலுவலகத்துக்குப் போன் போட்டு விளக்கம் சொல்லாதீர்கள். பதற்றத்தில் சொல்லும் ஒரு வார்த்தை பிறகு ஒப்புதலாக எழுதப்படும்.

கூடவே ஒரு உறுதிமொழிப் படிவமும் இருக்கும். ஜெர்மனில் உன்டர்லாசுங்ஸ்எர்க்லேருங். அதை எழுதியது எதிர்த் தரப்பு. ஆகவே குற்றத்தை ஒப்புக்கொள்வதும், பணம் தர ஒப்புக்கொள்வதும் அதற்குள்ளேயே நுழைந்திருக்கலாம். அப்படியே கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயம் இல்லை. திருத்திய உறுதிமொழி ஒன்றை அனுப்பலாம். அதில் மூன்று விஷயம் முக்கியம். சட்டக் கடமையை ஒப்புக்கொள்ளாமல், ஆனால் சட்டப்படி கட்டுப்பட்டுத் தருகிறேன் என்ற வரி வேண்டும். அந்தக் குறிப்பிட்ட படைப்பின் பெயர் மட்டும் இருக்க வேண்டும். அபராதத் தொகையை எண்ணாக எழுதாமல், உரிமையாளர் நியாயமாக நிர்ணயிக்கலாம், நீதிமன்றம் சரிபார்க்கலாம் என்று விட வேண்டும். இதற்கு ஹம்பர்கர் ப்ராவுக் என்று பெயர். உறுதிமொழியே தராமல் விட்டால் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வாங்குவார்கள், அந்தச் செலவு இதைவிடப் பெரியது. கெடுவுக்குள் அவர்கள் கையில் போய்ச் சேர வேண்டும். அஞ்சல் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இந்த உறுதிமொழி காலாவதி ஆவதில்லை, வாழ்நாள் முழுக்கக் கட்டுப்படுத்தும். அதனால்தான் வார்த்தை பார்த்துக் கையெழுத்துப் போடச் சொல்கிறோம்.

இனி பணம். ஒரு படத்துக்குச் சில நூறு யூரோவிலிருந்து 1,000 யூரோவை ஒட்டி வரை கேட்கிறார்கள். அதில் இழப்பீடும் வக்கீல் செலவும் சேர்ந்திருக்கும். தனிநபர் விஷயத்தில், தடைக் கோரிக்கையின் (இனிமேல் செய்யக் கூடாது என்ற கோரிக்கையின்) மதிப்பை 1,000 யூரோவாகக் கணக்கிட்டே வக்கீல் செலவைக் கேட்கலாம் என்று 2013-இல் வந்த சட்டத் திருத்தம் வரம்பு கட்டியது. அதே உரிமையாளரிடம் ஏற்கெனவே உறுதிமொழி தந்தவருக்கு இந்த வரம்பு கிடையாது. இழப்பீட்டுக்கும் இது பொருந்தாது. ஆனால் இழப்பீட்டில் பேரம் பேசலாம், தவணையும் கேட்கலாம்.

நீங்கள் இறக்கவில்லை, வீட்டில் வேறு யாரோ என்றால்? அறைத்தோழர்களோடு பகிர்ந்து குடியிருக்கும் வீட்டில் இதுதான் அடிக்கடி நடப்பது. 'நான் இல்லை' என்று மட்டும் எழுதினால் நீதிமன்றம் ஏற்காது. அந்த நேரத்தில் இணைப்பைப் பயன்படுத்தியிருக்கக் கூடியவர்கள் யார் யார் என்று பெயரோடு சொல்ல வேண்டும். விவரம் சொன்ன பிறகு நிரூபிக்கும் சுமை எதிர்த் தரப்புக்குப் போகும். வயது வந்த விருந்தினர்களையும் அறைத்தோழர்களையும் காரணம் இல்லாமல் முன்கூட்டியே எச்சரிக்கும் கடமை இணைப்புக்காரருக்கு இல்லை என்று ஜெர்மனியின் உச்ச உரிமையியல் நீதிமன்றம் 2016-இல் தீர்ப்பளித்தது. ஆகவே அன்றைக்கே உட்கார்ந்து, யார் யார் குடியிருந்தார்கள், யாருக்குக் கடவுச்சொல் தெரியும், ரவுட்டர் என்ன மாடல் என்று எழுதி வையுங்கள். ஒரு வருடம் கழித்துக் கேட்டால் நினைவு வராது. 'நான் அப்போது வகுப்பில் இருந்தேன்' என்பது மட்டும் உதவாது, கணினி தானாக ஓடும். செய்தது நீங்களே என்றால் நீதிமன்றத்தில் மறுக்காதீர்கள். பொய் வாக்குமூலம் தனிக் குற்றம், அதன் விளைவு இந்தப் பணத்தைவிடக் கனமானது.

வக்கீலுக்குப் பணம் இல்லாத மாணவர்கள் உள்ளூர் ஆம்ட்ஸ்கெரிக்ட் நீதிமன்றத்தில் வருமானச் சான்றோடு பெராட்டுங்ஸ்ஹில்ஃபே (வருமானம் குறைந்தவர்களுக்கான சட்ட ஆலோசனை உதவி) சீட்டுக் கேட்கலாம். கிடைத்தால் வக்கீல் ஆலோசனைக்கு நீங்கள் தருவது 15 யூரோ மட்டும். பல பல்கலைக்கழக மாணவர் அமைப்புகளிலும் இலவசச் சட்ட ஆலோசனை நேரம் உண்டு.

பணம் தராவிட்டால் சில சமயம் மாதக்கணக்கில் சத்தமே இருக்காது. திடீரென்று மஞ்சள் உறையில் நீதிமன்றத்திலிருந்து மான்பெஷைட் வரும், அதாவது பணம் கட்டச் சொல்லும் உத்தரவு. உறையின் மேல் தபால்காரர் எழுதிய தேதியிலிருந்து 2 வாரத்துக்குள் மறுப்புப் படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். காரணம் எழுதத் தேவையில்லை. விட்டுவிட்டால் அடுத்து வருவது சொத்தையும் வங்கிக் கணக்கையும் முடக்க வழிவிடும் உத்தரவு. வக்கீல் செலவு கேட்க 3 ஆண்டுதான் காலவரை, கோரிக்கை எழுந்த ஆண்டின் முடிவிலிருந்து எண்ணுவார்கள். இழப்பீட்டுக்கு 10 ஆண்டு வரை இழுக்கலாம் என்பது அதே உச்ச நீதிமன்றம் 2016-இல் தந்த இன்னொரு தீர்ப்பு. அதனால் வீடு மாறும்போது புது முகவரிக்குத் தபால் திருப்ப அஞ்சலகத்தில் சொல்லிவிடுங்கள், பழைய வீட்டுத் தபால்பெட்டியில் உங்கள் பெயரை விட்டுவைக்காதீர்கள். மஞ்சள் உறை அங்கே போடப்பட்டால், நீங்கள் அதைப் பார்க்கும் முன்பே அந்த 2 வாரம் ஓடியிருக்கும்.