சாரனாக் லேக் காட்சியில் ஒரு வரி

அமெரிக்கப் பேஸ்பால் வீரர் கிறிஸ்டி மேத்யூசனைப் பற்றிய அந்த ஒற்றை நடிகர் நாடகத்தின் இறுதிக் காட்சியில், காசநோயாளிகள் சிகிச்சைக்குப் போகும் ஊராக இருந்த சாரனாக் லேக்கின் குளிர்ந்த வராந்தாவில் கம்பளி போர்த்திச் சாய்நாற்காலியில் கிடக்கும் மேத்யூசன், "பிரான்சில் உள்ளே இழுத்த மூச்சைத்தான் இன்னமும் இங்கே வெளியே விட்டுக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்வார். அந்த வரியை எழுதியவரும் நடித்தவரும் ஒருவரே. ஒத்திகையில் அது வரும்போதெல்லாம் அறையில் இருந்த அத்தனை பேரும் அசைவற்றுப் போவதைப் பார்த்திருக்கிறேன். மேடை மேலாளரான எனக்கு மட்டும் அப்போதுதான் வேலை இருந்தது. கடைசிச் சொல்லோடு விளக்கு மஞ்சளிலிருந்து நீலத்துக்கு மாற வேண்டும். மிக மெல்லிய ஒரு சீறல் எழுந்து அடங்க வேண்டும். அந்தச் சீறல்தான் நச்சுப்புகை.

ஒத்திகை இடைவேளை ஒன்றில் அவர் என் மேசைக்கு வந்து, "நீங்கள்தான் தினமும் வரி வரியாகக் கேட்கிறீர்கள், இந்தக் காட்சியில் ஏதாவது உறுத்துகிறதா?" என்று கேட்டார். "ஹென்றி எங்கே?" என்று நான் கேட்டேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நாடகம் முடிந்து, பொருட்களையெல்லாம் பெட்டியில் கட்டி அனுப்பிய பிறகும், அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டுமா என்ற யோசனை என்னை விடவில்லை.

மேத்யூசனின் கதையை முழுதாகச் சொல்ல இங்கே இடமில்லை. 1880-ல் பென்சில்வேனியாவின் ஃபேக்டரிவில் என்ற சிற்றூரில் பிறந்து, பக்நெல் பல்கலைக்கழகத்தில் படித்து, 1900 முதல் 1916 வரை நியூயார்க் ஜயண்ட்ஸ் அணிக்குப் பந்து எறிந்தவர். வாழ்நாளில் 373 வெற்றிகள். பேஸ்பால் பருவத்தின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில், 1905-ல், ஆறே நாட்களுக்குள் மூன்று முழு ஆட்டங்களை எறிந்து, எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காமல் முடித்தார். அந்த 27 இன்னிங்ஸிலும் சேர்த்து ஒரே ஒரு பேட்டருக்குத்தான் வாக் கொடுத்தார், அதாவது அடிக்கத் தகாத நான்கு பந்துகளைப் போட்டு அவரைச் சும்மா முதல் பேஸுக்கு நடக்கவிட்டார். ஹென்றி அவருடைய தம்பி. அண்ணனின் அணிக்கே 1906-ல் பந்து எறிய வந்து, ஒரே ஆட்டத்தில் 14 பேருக்கு வாக் கொடுத்து, அடுத்த ஆண்டோடு பெரிய லீகிலிருந்து மறைந்துபோனவர். 1917-ல், முப்பதாவது வயதில், காசநோயால் இறந்தார்.

அண்ணன் ராணுவத்தில் சேர்ந்தது அதற்கு அடுத்த ஆண்டு. சின்சினாட்டி ரெட்ஸ் அணியின் மேலாளராக இருந்தவர், 1918-ல் அந்தப் பொறுப்பை விட்டுவிட்டு, ரசாயனப் போர்ப் பிரிவில் கேப்டனாகப் பிரான்சுக்குப் போனார். பேஸ்பால் உலகைச் சேர்ந்த டை காப்பும் பிராஞ்ச் ரிக்கியும் அதே பிரிவில் இருந்தார்கள். மூடிய அறைக்குள் நச்சுப்புகையை விட்டு வீரர்களுக்கு முகமூடி அணியப் பழக்கும் பயிற்சியின்போது, சைகையைப் பலர் தவறவிட்டதால் மேத்யூசன் புகையைச் சுவாசித்துவிட்டார் என்பது கதை. அதைப் பெரும்பாலும் காப்பின் சொல்லை வைத்துத்தான் எல்லோரும் திருப்பிச் சொல்கிறார்கள். காப் இறந்த 1961-ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய நினைவுநூலில் அது இருக்கிறது. மேத்யூசனுக்குக் காசநோய் என்று உறுதியானது 1920-ல். 1925 அக்டோபர் 7, அந்த ஆண்டின் உலகத் தொடர் தொடங்கிய அன்று, 45 வயதில் சாரனாக் லேக்கில் இறந்தார். மறுநாள் இரண்டாம் ஆட்டத்தில் வீரர்கள் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு ஆடினார்கள்.

காசநோய் கிருமியால் வருவது. அந்தக் கிருமியை ராபர்ட் கோக் கண்டறிந்த 1882-ல் மேத்யூசன் தவழ்ந்து நடக்கத் தொடங்கிய குழந்தை. நச்சுப்புகை நுரையீரலைப் புண்ணாக்கியிருக்கலாம், உடலின் எதிர்ப்பை அழித்திருக்கலாம். கிருமியைக் கொண்டுவந்து சேர்த்திருக்க முடியாது. நோய் வந்து இறந்த ஒரு தம்பி குடும்பத்திலேயே இருந்திருக்கும்போது, அவரை விட்டுவிட்டுப் புகையை மட்டும் பேசுவது எனக்கு உறுத்தியது. அதைத்தான் சொன்னேன்.

அவர் சொன்ன பதில் இது: "ஹென்றியைக் கொண்டுவந்தால் புகை சந்தேகத்துக்கு உள்ளாகிவிடும். பார்வையாளர்கள் இந்த மனிதர் போருக்குப் போனதற்கு ஒரு விலை கொடுத்தார் என்று நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். அதை எடுத்துவிட்டு அவர்கள் கையில் என்ன கொடுப்பது?" சந்தேகத்தை நாம் உண்டாக்கவில்லை, அது ஏற்கெனவே இருக்கிறது என்றேன். "இருக்கலாம். ஆனால் மேடையில் நான் ஒருவன்தானே இருக்கிறேன். நான் தயங்கினால் எனக்காகப் பேச வேறு யார் இருக்கிறார்கள்?" என்றார்.

இந்தக் கடைசிக் கேள்விக்கு அன்றும் என்னிடம் பதில் இல்லை, இன்றும் முழுப் பதில் இல்லை. பல பாத்திரங்கள் வரும் நாடகமாக இருந்தால், ஒரு மருத்துவர் உள்ளே வந்து, மார்பில் குழல் வைத்துக் கேட்டுவிட்டு, தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை விசாரித்துவிட்டுப் போயிருப்பார். சந்தேகம் அவரோடு வந்து அவரோடு போயிருக்கும், மேத்யூசன் தம் நம்பிக்கையைத் தாமே வைத்துக்கொண்டிருப்பார். ஒற்றை நடிகர் நாடகத்தில் வாதியும் சாட்சியும் நீதிபதியும் ஒரே தொண்டையிலிருந்து பேச வேண்டியிருக்கிறது. முதல் பாதியில் நடிகர் ஜயண்ட்ஸ் அணியின் மேலாளர் ஜான் மெக்ராவாகக் கத்துவார், 1908-ல் இரண்டாம் பேஸைத் தொடாமல் ஓடிய இளைஞன் ஃபிரெட் மெர்க்கிலாகத் தலைகுனிந்து நிற்பார், நடுவராக விரல் நீட்டுவார்; ஆனால் அந்தக் குரல்கள் எல்லாம் மேத்யூசனின் நினைவிலிருந்து வருபவை என்பதைப் பார்வையாளர் ஒருகணமும் மறப்பதில்லை. அவர் நினைவுகூர மறுக்கும் ஒன்றை மேடைக்குக் கொண்டுவர அங்கே வேறு வழி கிடையாது.

அதே காரணத்தால்தான் நான் கேட்டது சரி என்றும் எனக்குப் படுகிறது. மேத்யூசன் பொய் சொல்லாதவர் என்று பெயரெடுத்தவர். தாய்க்குக் கொடுத்த வாக்குக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் பந்து எறிய மறுத்தவர். ஆட்டத்தில் மனம் வைக்கவில்லை என்று 1918-ல் தம் அணியின் ஹால் சேஸையே இடைநீக்கம் செய்தவர். வீரர்கள் சூதாடிகளிடம் பணம் வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே தோற்ற 1919 உலகத் தொடரில், பத்திரிகையாளர் ஹியூ ஃபுல்லர்ட்டனுக்குப் பக்கத்தில் அமர்ந்து, ஆட்டத்தில் சந்தேகத்துக்குரிய இடங்களைக் குறித்துக் காட்டியவர். நாடகத்தின் முதல் பாதி முழுவதும் இந்த மனிதரின் சொல்லை நம்பலாம் என்று நம்மைப் பழக்குகிறது. அப்படிப் பழக்கிய பிறகு, கடைசிக் காட்சியில் அவர் வாயில் பாதி உண்மையை வைத்தால், பார்வையாளர் அதை மற்றவற்றைவிட உறுதியாக நம்பிவிடுவார் என்று அஞ்சினேன்.

இதற்கும் நடிகரிடம் பதில் இருந்தது. மேத்யூசன் பெயரில் 1912-ல் வந்த நூலை எழுதியவர் ஜான் வீலர் என்ற பத்திரிகையாளர். புகழ்பெற்ற அந்தக் கனவானின் பிம்பமே பல கைகள் சேர்ந்து செய்தது. அவர் புகை பிடித்தார், சீட்டாடினார், பணம் வைத்தும் ஆடினார். தமக்காக வேறொருவர் எழுத அனுமதித்தவர், தமக்காக இன்னொருவர் நடிப்பதில் குறை காண மாட்டார் என்றார் நடிகர். வாதமாக அது பலமானது. ஆனால் ஆட்டத்தை விளக்கும் நூலைப் பிறர் எழுதுவதும், ஒருவர் எப்படி இறந்தார் என்பதைப் பிறர் முடிவுசெய்வதும் ஒன்றல்ல என்று எனக்குத் தோன்றியது. அதை அப்போது சொல்ல வரவில்லை.

மேடை மேலாளர் இதில் ஏன் தலையிட வேண்டும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்கள் கேட்பார்கள். பிரதியைக் காப்பதுதான் எங்கள் வேலை, திருத்துவது அல்ல. எனக்கு இருக்கும் நியாயம் ஒன்றுதான், அதைச் சொல்ல இன்னொரு காட்சிக்குப் போக வேண்டும். நாடகத்தில் பந்து கிடையாது. மேத்யூசனுக்குப் பெயர் வாங்கித் தந்த ஃபேட்அவே பந்தை நடிகர் வெறுங்கையால்தான் எறிவார்: கால் உயரும், தோள் திரும்பும், கை முன்னால் வந்து விடும் நொடியில் மணிக்கட்டு உட்புறமாக முறுகி, உள்ளங்கை வெளிப்பக்கம் பார்த்து நிற்கும். வலது கை பேட்டரை நோக்கி உள்ளே திரும்பிச் சரிந்துவிடும் பந்து அது. கையை அவ்வளவு வருத்துவதால் மேத்யூசனே ஓர் ஆட்டத்தில் சில முறைதான் அதை எறிவாராம். பந்து எறியும் பிட்சருக்கும் பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே 60 அடி 6 அங்குலம். பந்து கடக்க அரை நொடி போதும். அந்த அரை நொடி கழித்து, கேட்சரின் தோல் கையுறையில் பந்து விழும் ஒலி வர வேண்டும். ஹெட்செட்டில் நான் 'கோ' சொல்லி, ஒலிப்பணியாளர் பொத்தானை அழுத்தி, ஒலி அரங்கை அடைய ஆகும் நேரத்தையும் கணக்கில் எடுத்தால், நடிகரின் விரல்கள் பிரியும் முன்பே நான் சொல்லியாக வேண்டும். ஆகவே நான் அவர் கையைப் பார்ப்பதில்லை, முன்காலின் முழங்காலைப் பார்ப்பேன். அது மடங்கும்போது சொன்னால் சரியாக வரும். கொஞ்சம் முந்தினால் எல்லோரும் வெறுங்கையைப் பார்த்துவிடுவார்கள். சரியாக வந்துவிட்டால் முன்வரிசையில் இருப்பவர்களின் தலை பந்தோடு திரும்பும். இல்லாத பந்தை அவர்கள் பார்க்கிறார்கள். பார்க்க வைப்பதில் எனக்கும் பங்கு உண்டு.

சீறல் ஒலிக்கும் 'கோ' சொல்வது அதே வாய்தான். பந்து உண்மையில் எறியப்பட்டது, அதை எறியாமல் காட்டுவதில் யாரையும் ஏமாற்றவில்லை. புகையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. பிரதியில் என்ன இருக்க வேண்டும் என்பது என் உரிமை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் கையால் செய்யும் ஒன்றைப் பற்றி என்னிடமே கேட்கப்பட்டபோது வாயை மூடிக்கொண்டிருந்தால் அது பணிவு ஆகியிருக்காது. இப்படி நினைக்கும்போது மனம் அமைதியாகிவிடும். பிறகு, கேட்கப்பட்டது பதிலுக்காகத்தானா, ஒரு நடிகர் இடைவேளையில் துணைக்காகப் பேச்சுக் கொடுத்ததை நான் அப்படி எடுத்துக்கொண்டேனா என்ற எண்ணம் வரும்.

காட்சிகள் தொடங்கிய பின்னரே நடிகர் புதிய வரியோடு வந்தார். பழைய வரி அப்படியே இருந்தது, சீறலும் இருந்தது, அது அடங்கியதும், கம்பளியை முழங்காலிலிருந்து மார்புக்கு இழுத்துக்கொண்டு, "ஹென்றிக்கும் இதே இருமல்தான். அவன் பிரான்சைப் பார்த்ததேயில்லை" என்றார். நான் பிரதியும் குறிப்புகளும் அடங்கிய பிராம்ப்ட் புக்கில் அதைப் பென்சிலால் எழுதிக்கொண்டேன்; நாங்கள் அந்தப் புத்தகத்தில் பேனாவைத் தொடுவதில்லை. என் காதுக்கு அது நாடகத்திலேயே சிறந்த வரி. தாமே நம்பியிருந்த ஒன்றைத் தாமே சந்தேகிக்கும் மனிதரை அதுவரை அந்த மேடையில் நான் பார்க்கவில்லை.

அரங்கு அதை வேறு மாதிரி வாங்கிக்கொண்டது. முன்பு அசைவற்றுப் போனவர்கள் இப்போது நாற்காலியில் இடம் மாறி உட்கார்ந்தார்கள். முதல் வாரம் வந்து மறுபடியும் வந்திருந்த முதியவர் ஒருவர், வெளியே போகும்போது என்னிடம் நின்று, அவரைப் போர்தான் கொன்றது என்று என் அப்பா சொல்வார், நீங்கள் ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டார். கோபத்தோடு கேட்கவில்லை. 1936-ல் பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமுக்கு முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐவரில், அன்று உயிரோடு இல்லாதவர் மேத்யூசன் மட்டுமே. மற்ற நால்வரும் தங்கள் கதையைத் தாங்களே சொல்ல இருந்தார்கள். இவர் கதையைத் தந்தைகள் மகன்களுக்குச் சொல்லிச் சொல்லித்தான் காத்தார்கள். அந்த முதியவர் காத்துவைத்திருந்ததில் ஒரு பகுதியை நாங்கள் எடுத்துக்கொண்டோம். அதற்கு ஈடாக ஹென்றியைக் கொடுத்தோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பேஸ்பால் ஏடுகளில் 14 வாக் என்ற ஓர் எண்ணாக மட்டும் மிஞ்சிய ஒருவர், ஓர் அண்ணனின் வாயிலிருந்து பெயர் சொல்லி அழைக்கப்பட்டார். அது சிறிய காரியமில்லை. ஆனால் அந்த முதியவருக்கு அது வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, என்னை அதிகம் அலைக்கழிப்பது அதுதான். மேத்யூசனுக்கு நிக்கலஸ் என்று இன்னொரு தம்பியும் இருந்தார்; 1909-ல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். நாடகத்தில் அவரும் இல்லை. அவரைப் பற்றி நான் ஒரு சொல்லும் கேட்கவில்லை, அதை மேடையில் சொல்லாமல் விட்டது அன்பினால் என்றே எடுத்துக்கொண்டேன். உண்மைக்காகத்தான் ஹென்றியைக் கேட்டேன் என்றால், நிக்கலஸ் விஷயத்தில் அந்த உண்மை எங்கே போயிற்று? ஒருவருடைய மரணம் அண்ணனின் மரணத்தை விளக்குகிறது, மற்றவருடையது விளக்கவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அது காரணம்தான். ஆனால் அப்படிச் சொல்லும்போது நானும் நடிகரைப் போலவே கதைக்கு எது உதவுகிறது என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறேன் என்று ஆகிவிடுகிறது. எங்கள் இருவருக்கும் இடையே இருந்த வேறுபாடு நான் நினைத்த அளவு பெரியதாக இல்லாமல் இருக்கலாம்.

நாடகம் இப்போது வேறு ஊர்களில், வேறு மேடை மேலாளர்களோடு நடக்கிறது. சில ஊர்களில் ஹென்றி வருகிறார், சில ஊர்களில் வரவில்லை, அரங்கைப் பார்த்து முடிவுசெய்கிறேன் என்று நடிகர் எழுதியிருந்தார். பிரதியை அச்சுக்குக் கொடுக்கும் முன் எந்த வரியில் நிறுத்துவது என்று என்னையும் கேட்டிருந்தார். ஹென்றி இருக்கட்டும் என்று அன்றே பதில் எழுதினேன். மறுநாள், என் சொல்லை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்று இன்னொரு கடிதமும் எழுதினேன். அவர் என்ன செய்தார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கேட்கப் போனால் நிக்கலஸைப் பற்றியும் கேட்டுவிடுவேன் என்பதால் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன்.