16 நாள்

"இது எப்ப எடுத்ததுப்பா?" முதலாளி அவ்வளவுதான் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். தாளின் அடியில் கம்ப்யூட்டரே போட்ட தேதி தெளிவாக இருந்தது: 7-8-2017, காலை 9.40. அதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டார்.

ரங்கூனில் பருப்பு வியாபாரம் தெரிந்தவர்களுக்கு அந்த ஆகஸ்டைச் சொல்ல வேண்டாம். எங்கள் சரக்கு இந்தியாவுக்குப் போவதுதான். 5ஆம் தேதி, சனிக்கிழமை, துவரை இறக்குமதி ஆண்டுக்கு 2 லட்சம் டன்னுக்கு மேல் கூடாது என்றது இந்தியா. 21ஆம் தேதி உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் சேர்த்து 3 லட்சம் டன் என்றது. நடுவில் 16 நாள்.

சாஃப்ட்வேரைப் போட்டது நான். போட்ட புதிதில் முதலாளி கேட்டார்: "தம்பி, உளுந்த விக்கலாமா வச்சிருக்கலாமான்னு இது சொல்லுமா?"

"சொல்லாதுங்கய்யா. எவ்வளவு இருக்குன்னு சொல்லும்."

"அதக் கணக்கப்பிள்ளையே சொல்லுவாரே!"

அதோடு அது பில் அடிக்கிற மெஷின் ஆகிவிட்டது.

ஆனால் கணக்கப்பிள்ளையால் சொல்ல முடியாது. மூன்று கிடங்குக்கு மூன்று நோட்டு. ஒன்றில் மூட்டை, ஒன்றில் வீசை, ஒன்றில் டன். வெளியூர்த் தரகர்களுக்குக் கொடுத்த முன்பணம் நாலாவது நோட்டில். எல்லாம் ஒன்றாகக் கூடுவது என் திரையில் மட்டும்தான். திங்கட்கிழமை கூட்டிப் பார்த்தேன்: உளுந்து 1,140 டன், பாதிக்கு மேல் கடன் பணம். தாளில் எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். சென்னையோடு போனில் இருந்தார். இன்னொரு கையால் சாம்பிள் தட்டில் இருந்த உளுந்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பி வந்து தாளை ஃபைலில் போட்டுவிட்டேன்.

நான் கம்ப்யூட்டர்க்காரன். அவர் நாற்பது வருஷம் பருப்பில் ஊறியவர். துவரைச் செய்தி எல்லார் வைபரிலும் வந்துவிட்டது. நான் என்ன புதிதாகச் சொல்ல? சொல்லியிருந்தாலும், "உளுந்துக்கெல்லாம் வராதுப்பா" என்றிருப்பார். சந்தையில் பாதிப் பேர் அப்படித்தான் சொன்னார்கள். அவ்வளவு சரக்கையும் ஒரேயடியாக இறக்கினால் விலையும் சரிந்திருக்கும். எல்லாம் சரிதான். தடை வரும் என்று எந்த மெஷினும் சொல்லியிருக்காது.

ஆனால், வந்தால் எவ்வளவு போகும் என்று சொல்லியிருக்கும். "இவ்வளவா நம்ம கையில கெடக்கு?" என்ற திடுக்கிடல் 7ஆம் தேதியே அவருக்கு வந்திருக்க வேண்டியது. செப்டம்பரில் கடன்காரருக்குக் காட்ட ஃபைலைப் புரட்டியபோதுதான் வந்தது.

அந்த முதல் பதிலைத்தான் இப்போதும் திருத்திக்கொண்டிருக்கிறேன். "விக்கச் சொல்லாதுங்கய்யா, தப்பாப் போனா எவ்வளவு போகும்னு சொல்லும்" என்றிருந்தால், அவரே காலையில் கூப்பிட்டுக் கேட்டிருப்பாரோ என்னவோ. நான் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் தொந்தரவு.

தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "சரிப்பா" என்றார். வேலையை விட்டு அனுப்பவில்லை. ஒரு வருஷம் கழித்து நானாகத்தான் போனேன்.

இப்போது இருக்கும் இடத்தில் தினமும் காலை மொத்த இருப்பும், அதில் கடன் எவ்வளவு என்பதும் வைபரில் முதலாளிக்குப் போய்விடும். பல நாள் அவர் திறந்துகூடப் பார்ப்பதில்லை என்று எனக்குத் தெரிகிறது. எழுந்து போய்ச் சொல்லலாம். பக்கத்து அறைதான்.